புகார் போய்ச் சேரும் இடம்

மோட்டாருக்குக் கண்டன்சர் வாங்க வந்த மாரீஸ்வரி, கண்டன்சரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கடையின் கண்ணாடி மேசை மீது தன் கைப்பேசியை வைத்து, அதைச் சுகிர்தத்தின் பக்கமாகத் திருப்பினாள்.

"அக்கா, இந்த நடத்தை விதிகளை எழுதுனது நீங்கதானே?"

"தட்டச்சு பண்ணுனது நான்தான். என்ன ஆச்சு?"

"அப்ப இதையும் படிங்க."

சுகிர்தம் தேனிக் கடைவீதியில் அப்பா விட்டுச்சென்ற மோட்டார் உதிரிபாகக் கடையை நடத்துகிறவள். பேரிங்குக்கும் வாஷருக்கும் நடுவே அவளுடைய மடிக்கணினி எந்நேரமும் திறந்தே இருக்கும். வாடிக்கையாளர் வரும்போது அவள் கடைக்காரி. வராதபோது அவள் 'பந்தல்' என்னும் மென்பொருளின் ஊழியக்காரி.

பந்தல் என்பது திராட்சை விவசாயிகளுக்கான செயலி. திராட்சைக்கு மழையைக் காட்டிலும் இலையில் தங்கும் ஈரமே பெரும்பகை. ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் பற்றும். பற்றினால் ஒரே வாரத்தில் கொத்துகள் கருகிவிடும். வானிலைத் தகவலை வாங்கிக் கணக்கிட்டு, நாளைக்கு மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று சொல்வது அந்தச் செயலியின் வேலை. அதற்கு விலையும் கிடையாது, முதலாளியும் கிடையாது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். முப்பது பேர் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து அதை எழுதுகிறார்கள். மூவாயிரம் பேர் காலையில் பல் துலக்குமுன் அதைத் திறந்து பார்க்கிறார்கள். ஊர் கூடி இழுக்கும் தேருக்கும் சக்கரத்தடியில் கட்டை போட ஆள் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நடத்தை விதிகளை எழுதினார்கள். யாரையும் பிறப்பை, தொழிலை, படிப்பை வைத்து இழிவாகப் பேசக் கூடாது. பேசினால் புகார் செய்யலாம். புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மாரீஸ்வரி நீட்டிய கைப்பேசியில் இரண்டு செய்திகள் இருந்தன.

முதலாவது, பந்தலின் பொது விவாதப் பக்கத்தில் வந்தது. ஓடைப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் மாரீஸ்வரி, கல்லூரியில் கணினி படித்தவள். மழை பெய்யாத நாளிலும் மலைச்சாரலாலும் பனியாலும் இலை நனைகிறது, செயலி அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று எழுதி, அதற்கான திருத்தத்தையும் தானே எழுதி அனுப்பியிருந்தாள். அதன் கீழே, பந்தலைத் தொடங்கியவரும் அதன் நிரலில் முக்கால்வாசியை எழுதியவருமான வைகுண்டராஜ் இப்படிப் பதில் போட்டிருந்தார்:

"ஆத்தா, பனித்துளி எண்ண இது கோலப்போட்டி இல்ல. களையெடுக்கப் போற ஆளு களையெடு. இங்கன மூளை இருக்கிறவுக எழுதட்டும்."

அதன் கீழே நாற்பத்தொரு பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். சுகிர்தம் போடவில்லை. ஆனால் அதை அவள் அன்றைக்கே பார்த்திருந்தாள். பார்த்த நேரத்தில் யாரோ மூன்று குதிரைத்திறன் மோட்டாருக்குச் சீல் கேட்டார்கள். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து வேறு பக்கத்தைத் திறந்துகொண்டாள். அந்த நினைவு இப்போது அவளைச் சுருக்கென்று தைத்தது.

இரண்டாவது செய்தி, மாரீஸ்வரி அனுப்பிய புகாருக்கு வந்த பதில். "தங்கள் புகார் விசாரிக்கப்பட்டது. தவறு எதுவும் காணப்படவில்லை. இப்படிக்கு, ஒருங்கிணைப்பாளர் வைகுண்டராஜ்."

"நான் புகார் அனுப்புனது பத்து மணி ரெண்டு நிமிசம். பதில் வந்தது பத்து மணி அஞ்சு நிமிசம்," என்றாள் மாரீஸ்வரி. "மூணு நிமிசத்துல குற்றவாளி, சாட்சி, நீதிபதி மூணு வேலையையும் அவுகளே பாத்துட்டாக. நம்ம உத்தமபாளையம் கோர்ட்டுல இந்த வேகம் இருந்தா எங்க வரப்புக் கேசு எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அவள் சிரித்தாள். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. விதிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்பதாம் விதி அவள் கைப்படத் தட்டியபடியே இருந்தது: புகார்கள் அனைத்தும் ஒருங்கிணைப்பாளர் வைகுண்டராஜ் அவர்களின் மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட வேண்டும்.

அது எப்படி அங்கே வந்தது என்பது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. விதிகளை எழுத உட்கார்ந்தவர்கள் பந்தலின் பொறுப்பாளர்கள் மூவர். உத்தமபாளையத்தில் கல்லூரி ஆசிரியரான ஜெபராஜ், சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கருத்தக்கண்ணன், பிறகு சுகிர்தம். வைகுண்டராஜ் அந்தப் பக்கமே வரவில்லை. "விதி, சட்டம் எல்லாம் உங்க பாடு. நான் நிரல் எழுதுற ஆளு," என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு பட்டியலையும் எழுதி முடித்தபோதெல்லாம் கருத்தக்கண்ணன் கையை உயர்த்தினார்.

"அண்ணன் பேரு எங்க? அவுக பேரு இல்லாம ஒரு பட்டியலா? பத்திரிகையில தாய்மாமன் பேரை விட்டுட்டு நடந்த கல்யாணம் எதாச்சும் நிம்மதியா நடந்திருக்கா?"

அது சரியென்றே மற்ற இருவருக்கும் பட்டது. ஆகவே நிறுவியவர் என்ற இடத்தில் அவர் பெயர். ஆலோசகர் என்ற இடத்தில் அவர் பெயர். வானிலை நிறுவனத்திடம் தகவல் பெற உதவும் 'சாவி' என்னும் கடவுக்குறியும் அவர் பெயரில். புகார் பெறுபவர் என்ற இடத்திலும், முதல் மரியாதையாக, அவர் பெயர். கோயில் பரிவட்டத்தை யார் தலையில் கட்டுவது என்று தெரிந்த ஊர்க்காரர்கள், புகார்ப் பெட்டியை யார் வீட்டு வாசலில் வைக்கக் கூடாது என்று யோசிக்கவில்லை.

மேகமலை அடிவாரத்து ஆடுகள் ஒருமுறை கூடிப் பேசினவாம். சிறுத்தை வரும்போது எச்சரிக்கை கொடுக்க ஒரு மணி வேண்டும் என்று தீர்மானித்து, ஆளுக்கொரு பிடி மேய்ச்சலை விட்டுக்கொடுத்து வாங்கின. மணியை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி வந்தது. இவ்வளவு அருமையான பொருளை அந்த வட்டாரத்திலேயே பெரியவரிடம் கொடுப்பதுதானே முறை? அப்படியே கொண்டுபோய்ச் சிறுத்தையிடம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தன. சிறுத்தை அந்த மணியைப் பொறுப்போடுதான் வைத்துக்கொண்டது. வேட்டைக்குப் புறப்படும்போது மட்டும் அதன் நாக்கைக் கழற்றிவைத்துவிட்டுப் போயிற்று.

சுகிர்தம் கண்டன்சரை எடுத்துக் கொடுத்தாள். "ஒரு நாள் டயம் கொடு மாரி. நான் அவுககிட்டப் பேசுறேன்."

"பேசுங்க. ஆனா எனக்காகக் கெஞ்சிறாதீங்க."

வைகுண்டராஜ் நல்ல மனிதர் அல்லர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சென்னை நிறுவனம் ஒன்றின் வேலையைப் போடி வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, ஆறு ஆண்டுகளாகச் சனி, ஞாயிறு எல்லாவற்றையும் பந்தலுக்குக் கொடுத்தவர். சுகிர்தத்துக்கு நிரலின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தொலைபேசியில் அவர் குரல் எப்போதும்போல் கனிவாகவே இருந்தது.

"இதுக்குப் போயா சுகிர்தம்? ஏதோ வேலைக் கடுப்புல ஒரு வார்த்தை விழுந்துருச்சு. அந்தப் புள்ளையத் தேனிக்கு வரச் சொல்லு. ஒரு காபி சாப்பிட்டுப் பேசி முடிச்சுருவோம்."

"அண்ணே, புகாருக்குத் தீர்ப்புன்னு ஒண்ணு எழுதணும்ல?"

"அதான் எழுதிட்டேனே."

"உங்க மேல வந்த புகாருக்கு நீங்களே எழுதுனா எப்படிண்ணே?"

மறுமுனையில் அவர் சிரித்தார். "ஒன்பதாம் விதியப் பாரு. நீ எழுதுனதுதான்."

காபிச் சமாதானத்தை மாரீஸ்வரியிடம் சொல்லச் சுகிர்தத்துக்கு வாய் கூசியது. ஆனாலும் சொன்னாள். அவள் பதில் உடனே வந்தது: "திட்டுனது மூவாயிரம் பேர் பாக்குற இடத்துல. சமாதானம் மட்டும் காபிக் கடை மூலையிலயா? எனக்குக் காபி ஒத்துக்காது அக்கா."

அன்று மாலை சுகிர்தம் கடையைப் பாதி சாத்திவிட்டு ஒன்பதாம் விதிக்கு ஒரு திருத்தம் எழுதினாள். இனிப் புகார் எந்தத் தனி மனிதருக்கும் போகாது. பொறுப்பாளர்கள் மூவருக்கும் சேர்ந்து போகும். யார் மீது புகாரோ அவருக்குப் போகாது. ஏழு நாளில் தீர்ப்பு. குற்றம் எந்தப் பக்கத்தில் நடந்ததோ அதே பக்கத்தில் தீர்ப்பு வெளியாக வேண்டும். ஏற்கெனவே மூடப்பட்ட புகாரையும் இந்த விதிப்படி மறுபடி எடுக்கலாம்.

விதிகளைத் திருத்த ஒரு வழிமுறை இருந்தது. பொறுப்பாளர் ஒருவர் திருத்தம் வைத்தால், மற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும். எல்லாரும் கருத்துச் சொல்ல ஏழு நாள் விட வேண்டும். ஜெபராஜ் மறுநாள் காலையிலேயே சம்மதம் போட்டுவிட்டார். "இதை நாம் முதலிலேயே செய்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது," என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

கருத்தக்கண்ணனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாம் நாள் வைகுண்டராஜ் பொதுப் பக்கத்தில் எழுதினார். "இந்தத் திருத்தம் சேர்ந்தால் அந்த நிமிடமே நான் விலகிக்கொள்வேன். வானிலைச் சாவி என் பெயரில் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்வேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. விவசாயிகளுக்குச் சுகிர்தம் பதில் சொல்லட்டும்."

அதன் பிறகு சுகிர்தத்தின் கைப்பேசி ஓயவில்லை. நிரல் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அவளை நன்றி கெட்டவள் என்றார்கள். ஒருவர், ஏணியை எட்டி உதைக்கிறாள் என்று எழுதினார். கடைக்கு வந்த விவசாயி ஒருவர் பெல்ட்டை வாங்கிக்கொண்டு, "ஏம்மா, ரெண்டு வார்த்தைக்காக ஊரு கொத்தையெல்லாம் கருக விடுவீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் அவள், புதிய சாவிக்கு விண்ணப்பித்தால் கிடைக்க இருபது நாள் வரை ஆகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அன்றே விண்ணப்பித்தும் விட்டாள். திருத்தத்தைத் திரும்பப் பெறும் பொத்தான் திரையின் அடியிலேயே இருந்தது. அதன் மேல் அவள் கை போகவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒருமுறை போயிற்று. போனபோது, அந்த நாற்பத்தொரு சிரிப்புக் குறிகள் நினைவுக்கு வந்தன. நாற்பத்திரண்டாவதாகத் தன்னுடையதையும் போடுவது போல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உத்தமபாளையத்தில் ஜெபராஜின் வீட்டு மாடியில் கூடினார்கள். மாரீஸ்வரி ஓடைப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்திருந்தாள். கருத்தக்கண்ணன் வந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாக வைகுண்டராஜ் வந்தார். வழக்கம்போல் ஜெபராஜ் எழுந்து தம் நாற்காலியைக் கொடுக்கப் போனவர், பாதியில் நின்று, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். வைகுண்டராஜ் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

"என் பேரு இருந்த இடத்துல இப்ப யாரு பேரு வருது?"

"யாரு பேரும் வரலண்ணே," என்றாள் சுகிர்தம். "மூணு பேருக்கும் போகும்."

"அப்ப என்மேல நம்பிக்கை இல்ல."

"என்மேலயும்தான் இல்ல. ரெண்டாவது வரியப் படிங்க. நாளைக்கு என் மேல புகார் வந்தா எனக்கும் வராது."

"ஏலே ஜெபராஜு, கேட்டியாடா? இந்தப் பந்தலுக்குக் கல்லுக்கால் நட்டவன் நான். ஒத்தக் கால் விடாம நட்டேன். இன்னைக்குக் கொடி ஏறுனவுக எல்லாம் எனக்குச் சட்டம் சொல்றாக."

மாரீஸ்வரி இப்போது வாய் திறந்தாள். "கல்லுக்கால் நட்டவுக நல்லா இருக்கட்டும். ஆனா அண்ணே, கொடி கல்லுல காய்க்கிறதில்ல. குறுக்க ஓடுற கம்பியிலதான் காய்க்குது. அந்தக் கம்பிய எத்தனை பேரு இழுத்துக் கட்டியிருக்கோம்னு பாருங்க."

"பாத்தியா? இவளோடதான் நான் சமாதானம் பேசணுமாம்."

"நான் சமாதானம் கேக்கவே இல்லையே. தீர்ப்புக் கேட்டேன்."

கருத்தக்கண்ணன் இடையில் புகுந்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் பந்தலைப் பார்ப்பவர்கள். அவர் பயம் பொய்யான பயம் அன்று. "ஆத்தா, கொஞ்சம் பொறு. அடிக்கிற கைதான் அணைக்கும்."

"அணைக்கச் சொல்லி நான் யாரையும் கேக்கல அண்ணே."

"சரி, அது வேண்டாம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். விதிய மாத்த வேண்டாம்னு சொல்லல. இப்ப வேண்டாங்கிறேன். மழை ஓயட்டும். சீசன் முடியட்டும். தை பிறந்ததும் நானே சம்மதம் போடுறேன்."

"தையில என்ன வேலை நடக்கும்?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"தையில… எங்க ஊருப் பக்கம் கவாத்து வெட்டுவாக."

"வெட்டுன புதுத் துளிருக்குத்தானே நோய் சீக்கிரம் பிடிக்கும்? அப்பவும் பந்தல் வேணுமே. அப்ப இன்னும் ரெண்டு மாசம் தள்ளுவீகளா?"

"பங்குனியில பாத்துக்கலாம்."

"பங்குனியில எங்க தோட்டத்துல கொத்து பழுக்கும். நீங்க நின்னு பாத்துட்டுப் போயிருக்கீக. சித்திரையில ராயப்பன்பட்டிப் பக்கம். ஆடியில காத்தும் சாரலும். அண்ணே, உங்க கடை வாசல்ல என்ன எழுதி வச்சிருக்கீக?"

கருத்தக்கண்ணன் கடை வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். வேறு எந்த ஊரில் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறை காய்த்தாலும், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் பூக்கும், அதற்கடுத்த தோட்டத்தில் அறுப்பார்கள். 'பன்னிரண்டு மாதமும் காய்ப்பு. பன்னிரண்டு மாதமும் சொட்டுநீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் அவர் பத்தாண்டாகக் குழாய் விற்கிறார். சீசன் முடியட்டும் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் அர்த்தமே கிடையாது. முடிகிற சீசன் இருந்தால் அல்லவா முடிவதற்கு?

"எனக்குன்னு ஒரு மாசம் சொல்லுங்க அண்ணே," என்றாள் மாரீஸ்வரி. "பன்னெண்டுல எது?"

கருத்தக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் மெல்ல மெல்லத் தட்டினார். சுகிர்தத்தின் மடிக்கணினியில் இரண்டாவது சம்மதம் விழுந்தது.

"கருத்தக்கண்ணா!" என்றார் வைகுண்டராஜ்.

"அண்ணே, உங்க பேரைப் பத்திரிகையில போட்டது நான்தான். உங்க பேருல்லாத இடம் ஒண்ணு வேணும்னு அன்னைக்குத் தோணல. என் புத்திக்கு எட்டுனது அவ்வளவுதான்."

சுகிர்தம் திருத்தத்தைச் சேர்க்கும் பொத்தான் மீது விரலை வைத்தாள்.

"அழுத்தாத சுகிர்தம்," என்றார் வைகுண்டராஜ். குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. "நான் சொல்லிக்கொடுத்த நிரல் இது. என்னை எதிர்த்து அழுத்துவியா?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததுல முதப் பாடம் என்ன தெரியுமாண்ணே? பிழை எங்க இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் திருத்தாம விடுறவன் நிரல் எழுத லாயக்கில்லன்னீக."

அழுத்தினாள்.

வைகுண்டராஜும் சொன்ன சொல் தவறாதவர். நின்ற இடத்திலேயே தம் கைப்பேசியை எடுத்து வானிலைச் சாவியை ரத்து செய்தார். மூவாயிரம் கைப்பேசிகளில் நாளைய ஈரத்தைக் காட்டும் இடம் வெறுமையாயிற்று. "இனி உங்க பாடு," என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். ஜெபராஜ் வாசல் வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அது தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு மூவரும் உட்கார்ந்து மாரீஸ்வரியின் புகாரை எடுத்தார்கள். அவளைக் கீழே காத்திருக்கச் சொன்னார்கள், விதி அப்படி. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வைகுண்டராஜ் முப்பது நாளைக்குப் பிறர் எழுதிய திருத்தங்களை ஏற்கவோ தள்ளவோ கூடாது. அதன் பிறகு திரும்பி வர விரும்பினால், அவர் திட்டிய அதே பக்கத்தில் வருத்தம் தெரிவித்துவிட்டு வரலாம். கதவு திறந்தே இருக்கும். பந்தலுக்கு அவர் செய்தவை அனைத்தும் அவர் பெயரிலேயே நிற்கும். தீர்ப்பின் கடைசி வரியாகச் சுகிர்தம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்: "அந்தச் சொற்களைப் பார்த்தும் பேசாதிருந்த பொறுப்பாளர்களில் நானும் ஒருத்தி." மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, 'பொறுப்பாளர்களில் நானும் ஒருத்தி' என்பதை 'பொறுப்பாளர்கள் நாங்கள் மூவரும்' என்று மாற்றினார்கள்.

தீர்ப்பைப் படித்த மாரீஸ்வரி நன்றி சொல்லவில்லை. "பதினஞ்சு நாளைக்கு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டாள்.

பதினைந்து நாளும் அவர்கள் செய்தது இதுதான்: மாரீஸ்வரியும் பள்ளத்தாக்கின் வெவ்வேறு ஊர்களிலிருந்து பதினோரு விவசாயிகளும் விடிந்ததும் தத்தம் பந்தலுக்குக் கீழே போய், இலையைத் திருப்பி விரலால் தடவி, ஈரமா காய்ந்ததா என்று எழுதி அனுப்பினார்கள். சுகிர்தம் கடை திறக்குமுன் அதைத் தொகுத்து எல்லாருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பினாள். சில நாள் பிந்திப் போயிற்று. ஒருநாள் தவறாகவும் போயிற்று. கூடலூரில் இரண்டு தோட்டக்காரர்கள் தேவையில்லாமல் மருந்தடித்துவிட்டு அவளை வைதார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். சிரிப்புக் குறி போட்ட நாற்பத்தொரு பேரில் ஏழு பேர் குழுவை விட்டே போனார்கள். எழுந்து போனவர்களின் வேலை இருப்பவர்கள் தலையில் விழுந்தது.

முதல் நாள் குறுஞ்செய்தி போன அரைமணி நேரத்தில், காமயகவுண்டன்பட்டியிலிருந்து ராக்கையா என்ற முதிய விவசாயி கடைக்குத் தொலைபேசினார்.

"ஏம்மா, பந்தல் ஆப்பு செத்துப்போச்சா?"

"சாகலய்யா. பதினஞ்சு நாளைக்குக் கையால சொல்லுவோம்."

"அதை உண்டாக்குன தம்பிய நீங்க நிறுத்தி வச்சுட்டதாச் சொல்றாக. மெய்யா?"

"மெய்தான்யா."

"அந்தத் தம்பி என்ன செஞ்சாராம்?"

சுகிர்தம் சுற்றி வளைக்கவில்லை. வைகுண்டராஜ் எழுதிய சொற்களை எழுதியபடியே படித்துக் காட்டினாள்; விதியையும் படித்துக் காட்டினாள். மறுமுனையில் முதியவர் செருமினார்.

"களையெடுக்கிறவளுக்கு மூளை இல்லன்னாரா?"

"ஆமாங்கய்யா."

"எங்க வீட்டுல நானும்தானே களையெடுக்கிறேன்," என்றார் அவர். "இருந்தாலும் தாயி, அவ்வளவு பெரிய மனுசனை… அவரையேவா நிறுத்துனீக?"

கடைக்குள் இரண்டு பேர் காத்து நின்றார்கள். மடிக்கணினியில் அவளைத் திட்டி இன்னும் நான்கு செய்திகள் வந்து விழுந்தன. சுகிர்தம் தொலைபேசியை வாய்க்கு அருகே கொண்டுவந்து, கடைவீதிக்கே கேட்கும் குரலில் சொன்னாள்:

"ஆமாய்யா. அவுகளையேதான்."